ஓரம் சரிந்த ஆடி

1781 மார்ச் 13ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் பாத் நகரில் ஓர் இசை ஆசிரியர் தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று யுரேனஸைக் கண்டார். வில்லியம் ஹேர்ஷல் பற்றிப் பாடநூல்கள் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். எனக்கோ அவர் கண்ட கிரகத்தைவிட, அதைக் காட்டிய ஆடியின் கதையே பெரிதாகப்படுகிறது.

பெரிய ஆடிகளின் விலை கட்டுப்படியாகாததால் 1773இல் ஹேர்ஷல் தாமே அவற்றைச் செய்யத் தொடங்கினார். அக்கால ஆடி கண்ணாடியல்ல. செப்பும் வெள்ளீயமும் கலந்த, எளிதில் நொறுங்கும் உலோகம். அதை வார்க்கும் அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்தவர்களுள் அவரது தங்கை கரோலினும் ஒருவர். ஒருமுறை மெருகூட்டலை முடிப்பதற்காக ஹேர்ஷல் 16 மணித்தியாலங்கள் ஆடியிலிருந்து கையெடுக்கவில்லை. கரோலின்தான் உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார். வேறு வேளைகளில் அருகிலிருந்து கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார். அவற்றுள் ஆயிரத்தொரு இரவுகளும் ஒன்று. இவையெல்லாம் கரோலினே எழுதிவைத்த நினைவுகள்.

இத்தனை பாடும் எதற்காக? கோள வடிவ ஆடி ஒளிக்கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. பரவளைவு ஆடி குவிக்கும். இதனை எரியாடிகள் பற்றிய தம் நூலில் பஸ்றாவைச் சேர்ந்த இப்னுல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். ஆனால், கணிதம் அறிந்ததைக் கை செய்துமுடிப்பது வேறு காரியம். 150 மில்லிமீற்றர் விட்டமும் 1,200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட ஓர் ஆடியில், கோளத்துக்கும் பரவளைவுக்கும் ஓரத்தில் உள்ள வேறுபாடு 0.3 மைக்ரோமீற்றருக்கும் குறைவு. தலைமயிரின் தடிப்பு இதைவிட இருநூறு மடங்களவில் பெரிது.

இந்த நுட்பம் முதலில் தவறிப்போகும் இடம் ஓரம். மெருகூட்டும் கீல் இளகியிருந்தாலோ, வீச்சு நீண்டாலோ, கை விளிம்பில் அழுத்தினாலோ ஓரம் சரிந்துவிடும். மேற்சொன்ன ஆடியில் வெளி ஓரத்தின் 5 மில்லிமீற்றர் மட்டும் கெட்டாலும், மொத்தப் பரப்பில் எட்டிலொரு பங்கு கெட்டதாகும்.

சரிவைக் கண்ணால் காணும் வழியைத் தந்தவர், ஊசல் கொண்டு பூமியின் சுழற்சியைக் காட்டிய பிரெஞ்சு அறிஞர் லெயோன் பூக்கோ. வெள்ளி பூசிய கண்ணாடி ஆடிகளைச் செய்துவந்த அவர், 1859இல் தம் சோதனையை விரிவாக வெளியிட்டார். ஆடியின் வளைவு மையத்தில் சிறு துளை வழியே விளக்கொளியை வைத்து, திரும்பி வரும் ஒளியைக் கத்தி விளிம்பால் மெல்ல மறைத்தால், ஆடியின் மேடுபள்ளங்கள் நிழலும் வெளிச்சமுமாகத் தெரியும். ஒரு விளக்கும் ஓர் அலகும் போதும்.

இவ்வெளிமைதான் 1920இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட்டில், ரசல் போர்ட்டரின் வகுப்புக்கு வந்தவர்களை ஆடி செய்பவர்களாக்கியது. வந்தவர்கள் பெரும்பாலும் இயந்திரத் தொழிற்சாலைக்காரர். பெண் ஒருவரும் இருந்தார்.

எளிய சோதனையை அலட்சியம் செய்தால் என்னவாகும் என்பதற்கு ஹபிள் தொலைகாட்டி சாட்சி. 1990இல் விண்ணுக்குச் சென்ற அதன் 2.4 மீற்றர் ஆடி, ஓரத்தில் 2.2 மைக்ரோமீற்றர் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகியிருந்தது. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம் மாறியிருந்ததே காரணம். வேறு எளிய கருவிகள் பிழையை முன்பே காட்டியிருந்தன. துல்லியம் குறைந்தவை என்று அவற்றின் சொல்லை யாரும் ஏற்கவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்த வேண்டியதாயிற்று.

ஓரம் சரிந்த ஆடிக்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, கெட்ட ஓரத்தைக் கறுப்பு வளையத்தால் மூடிவிடுவது. மற்றது, கீலைக் கடினமாக்கி, வீச்சைக் குறைத்து மீண்டும் தேய்ப்பது. ஓரத்தில் தேய்ந்துபோனதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே மிகுதிப் பரப்பு முழுவதையும் அதன் மட்டத்துக்கு இறக்க வேண்டும்.

நமது வரலாற்று நூல்கள் முதல் வழியையே விரும்புகின்றன. கரோலின் தாமாக எட்டு வால்வெள்ளிகளைக் கண்டவர். 1828இல் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றவர். இருந்தும் அண்ணனின் கதையில் அவர் அடிக்குறிப்பு. அந்த அடிக்குறிப்பைச் சற்று நீட்டிவிடுவதால் கணக்குத் தீராது. நடுவில் இருப்பதையும் சேர்த்துத்தான் தேய்க்க வேண்டும்.