எந்தக் குத்தாலம்?

'நாளைக்குக் காலையில குத்தாலம் வாரேன்' என்று ஒருவர் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் அதைக் கடிதத்தில் எழுத வேண்டும். எழுதுகிறவர் தென்காசிக்காரர் என்றால், கை தானாகவே 'குற்றாலம்' என்று எழுதும். மாயவரத்துக்காரர் என்றால் 'குத்தாலம்' என்றே எழுதிவிட்டுப் போவார். தப்பு யார் மேல்? யார் மேலும் இல்லை! இரண்டுமே நிஜமான ஊர்கள். ஒன்றில் அருவி கொட்டுகிறது. இன்னொன்று மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், தேவாரத்தில் திருத்துருத்தி என்று பாடப்பட்ட காவிரிக்கரைத் தலம். இரண்டுக்கும் நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனால், வாயில் வரும்போது இரண்டும் ஒரே ஊர்!

இதே வாக்கியத்தை இப்போது கம்ப்யூட்டரின் மைக்கில் சொல்லுங்கள். பேசப் பேச எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் அதைக் கேட்டு, ஒரு நொடியில் ஏதோ ஒரு குத்தாலத்தைத் திரையில் போட்டுவிடும். எதை என்பதுதான் கேள்வி.

ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எழுதுவது புது விஷயம் இல்லை. வியாசர் சொல்ல, விநாயகர் பாரதம் எழுதிய கதை நமக்குத் தெரியும். 'நடுவில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும்' என்று விநாயகர் நிபந்தனை போட்டாராம். வியாசர் லேசுப்பட்டவரா? 'அர்த்தம் புரியாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது' என்று பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார். கதைதான். ஆனால் இந்தத் தொழிலின் மொத்த சூட்சுமமும் அந்த இரண்டு நிபந்தனைகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று வேகம், இன்னொன்று புரிதல்.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் போன உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஊர்ச் சபையார் கூடி, யார் தேர்தலில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று விதிகள் சொன்னார்கள். கடைசியில் பார்த்தால், சபையார் பணித்தபடி எழுதியது நான்தான் என்று மத்தியஸ்தன் தன் பெயரையும் சேர்த்து வெட்ட வைத்திருக்கிறார். ஆயிரத்து நூறு வருஷமாக அந்தப் பெயர் கல்லில் நிற்கிறது. சொன்னவர்கள் ஊர்ப் பெரியவர்கள். எழுத்துக்குப் பொறுப்பு எழுதியவருக்கு. இன்றைக்கும் பத்திரத்தின் கடைசியில் எழுதியவர் கையெழுத்துப் போடுகிறாரே, அதே சங்கதிதான்.

அடுத்து, 19-ம் நூற்றாண்டு. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) மாயவரத்தில் இருந்தவர். அந்தக் குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர்! புராணம் புராணமாகப் பாடிக் குவித்தவர். செய்யுளை அவர் மனதிலேயே அமைத்து வாயால் சொல்வார். மாணவர்கள் பனை ஓலையில் எழுத்தாணியால் எழுதுவார்கள். ஏற்கெனவே பாடமான பாட்டை ஒப்பிப்பது போலப் புதுப் பாட்டு வந்து விழுமாம். 1871-ல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், இதை வியந்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

ஓலையில் எழுதுவது லேசான காரியம் இல்லை. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. எகரமா ஏகாரமா என்பதும் பார்வைக்குத் தெரியாது. காலும் ரகரமும் ஒரே கோடாக இருக்கும். அதாவது, காதில் விழுந்ததை அப்படியே பதிவு செய்யும் வசதியே அந்த எழுத்தில் இல்லை. எழுதுகிறவனுக்கும் தமிழ் தெரிய வேண்டும், பின்னால் படிக்கிறவனுக்கும் தமிழ் தெரிய வேண்டும். அதனால்தான் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் சம்பளத்துக்கு வந்த குமாஸ்தாக்கள் அல்ல, பாடம் கேட்ட மாணவர்கள். எழுதுவதே அவர்களுக்குப் படிப்பு.

இதில் தென்காசிக்கு ஒரு பங்கு உண்டு. பிள்ளையவர்களை ஆதரித்த திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் சொந்த ஊர், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கும் மேலகரம். 'குற்றாலக் குறவஞ்சி' பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் அதே மேலகரம்தான். அவர் தலைமை ஏற்ற திருவாவடுதுறையோ, அந்தக் காவிரிக்கரைக் குத்தாலத்துக்குப் பக்கத்தில். ஆக, 'சந்நிதானம் குத்தாலத்துக்காரர்' என்று யாராவது மடத்தில் சொல்லியிருந்தால், கேட்டு எழுதுகிற மாணவன் எழுத்தாணியை நிறுத்தியிருப்பான். 'எந்தக் குத்தாலம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய புலவருக்கு மாணவர்கள் இருந்தார்கள். ஜமீன்தாருக்குக் கணக்குப்பிள்ளை இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக்கு? தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். 'பட்டாவுல எங்க அய்யா பேரு தப்பா கெடக்குய்யா' என்று வந்தவர் சொல்வார். அது, 'எனது தந்தையாரின் பெயர் தவறாகப் பதிவாகியுள்ளதைத் திருத்தித் தருமாறு' என்று காகிதத்தில் இறங்கும். பேச்சுத் தமிழ் உள்ளே போய் ஆபீஸ் தமிழ் வெளியே வரும். அதற்குக் காசு கொடுக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம், என்ன எழுதியிருக்கிறார் என்று நம்பித்தான் ஆக வேண்டும். தன் சங்கதியைத் தானே எழுதிக்கொள்ள முடியாத ஒருவரின் நிலைமை அது.

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி 1952-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. 'ஆட்ரி' என்று பெயர். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பது வரைக்குமான எண்கள் மட்டும். அதுவும் பழகிய குரலாக இருந்தால்தான் ஒழுங்காகப் புரியும். பத்து வருஷம் கழித்து ஐ.பி.எம். காட்டிய 'ஷூபாக்ஸ்' இயந்திரத்துக்குப் பதினாறு வார்த்தைகள் தெரிந்தன. நம்மூர்க் கிளிகூட இதைவிட அதிகம் பேசும்!

அப்புறம் வந்தவர் ராஜ் ரெட்டி. ஆந்திராவில் காளஹஸ்திப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 1958-ல் சென்னை கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் சிவில் படித்து முடித்தவர். அமெரிக்கா போய், பேச்சைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டர்களை உருவாக்குவதில் முன்னோடியானார். 1994-ல் டூரிங் விருது கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்பார்கள். அவர் வழிநடத்திய கார்னகி மெலன் ஆய்வுக்குழுவிலிருந்து வந்த ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் தம்பதிதான் 1982-ல் 'டிராகன்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் வந்த அவர்களுடைய மென்பொருளில் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். 1997-ல் வந்த 'நேச்சுரலிஸ்பீக்கிங்'கில்தான் சரளமாகப் பேசி எழுத முடிந்தது. வியாசருக்கு விநாயகர் போட்ட முதல் நிபந்தனை, இயந்திரத்திலும் ஒருவழியாக நிறைவேறிவிட்டது!

தமிழுக்கு? 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. அதிலிருந்துதான் சாதாரண ஜனங்கள் போனில் தமிழ் பேசி மெசேஜ் அனுப்புவது பரவியது. கீபோர்டில் எந்தக் கட்டை எங்கே என்று தேடிக் களைத்துப்போன பெரியவர்களுக்கும், கண் தெரியாதவர்களுக்கும், கைவலிக்காரர்களுக்கும் இது வரம். மரத்தடிக்குப் போய்க் காசு கொடுக்காமல் தன் மனுவைத் தானே சொல்லி எழுதலாம். சின்ன விஷயமா?

ஆனால், வியாசரின் நிபந்தனை பாக்கி இருக்கிறது. தெற்கத்திப் பேச்சில் பழம் 'பளம்' ஆகும், மழை 'மளை' ஆகும். 'குத்தாலத்துல மளை எப்படி இருக்கு?' என்றால் மலையா, மழையா? குற்றாலத்தில் இரண்டும் உண்டு! 'அண்ணாச்சி, எப்ப வாரிய?' என்று பாசமாகக் கேட்டால், மின்சார வாரியத்தில் பாதியைத் திரையில் போட்டு வைக்கலாம். ஒலி மட்டும் போதாது என்பதால் மென்பொருள் முன்பின் வார்த்தைகளைப் பார்த்து, எது வரக்கூடும் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? அதற்குப் பயிற்சியாகக் கொடுத்த பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும். டி.வி. செய்தித் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த மென்பொருளுக்கு ஆய்க்குடிச் சந்தையின் தமிழ் பிடிபடாது. அந்தத் தமிழைக் கேட்டுப் பழகாத வெளியூர்க் குமாஸ்தா மாதிரிதான்.

தென்காசிக்கு இது வேறு யாருடைய பிரச்னையோ இல்லை. ஜோஹோ நிறுவனம் 2011-ல் இந்தப் பக்கம் வந்தது. குற்றால மலைச்சாரலில் இருக்கும் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். 2025 ஜூலையில் அந்த நிறுவனம் பேச்சை எழுத்தாக்கும் தன் சொந்த மாதிரிகளை அறிவித்தது. முதலில் வந்தவை ஆங்கிலமும் இந்தியும். மற்ற இந்திய மொழிகள் பின்னால் வரும் என்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.ஃபார்பாரத்' குழு, 22 இந்திய மொழிகளில் ஊர் ஊராகக் குரல்களைச் சேகரித்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 2024-ல் வெளியிடத் தொடங்கியது. மொஸில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் நாமே தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரலைக் கொடுக்கலாம். மேலகரத்துப் பாட்டியின் குரல் அங்கே போய்ச் சேர்ந்தால்தான், மேலகரத்துப் பேத்தி பேசுவது நாளைக்குச் சரியாக எழுத்தாகும்.

அதற்குள் நம் கையில் இருக்கும் வேலை ஒன்று உண்டு. மாணவன் சந்தேகம் வந்தால் கேட்டான். மத்தியஸ்தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்றான். மென்பொருள் சாதாரணமாகத் திருப்பிக் கேட்காது, கையெழுத்தும் போடாது. தனக்குத் தோன்றிய குத்தாலத்தை எழுதிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடும். பத்திரம் எழுதும் இடத்தில், எழுதி முடித்ததைப் படித்துக் காட்டி, 'சரிதானா?' என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்குவார்கள். பேசி எழுதுகிறவர்களும் அனுப்பும் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் சீசனுக்குக் குளிக்கக் கூப்பிட்ட மச்சான், துண்டும் கையுமாகக் காவிரிக்கரையில் இறங்கி நிற்பார்!