குடியிருப்பு வலய மாற்றமும் அயலவரின் உரிமையும்

ஒழுங்கையொன்றில் பல மாடிக் கட்டடத்துக்கான கொங்கிறீற்றுத் தூண்கள் எழும்பிய பின்னரே, அக்காணி குடியிருப்பு வலயத்திலிருந்து வேறொரு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டுள்ளதை அயலவர்கள் அறிந்து கொள்வது எமது நகரங்களில் புதிய விடயமல்ல. விண்ணப்பம் எப்போது கையளிக்கப்பட்டது, அதனைப் பரிசீலித்தவர்கள் யார், எக்காரணத்தைக் கொண்டு அனுமதி வழங்கப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை தேடி அவர்கள் உள்ளூராட்சி சபைக்கும் ஏனைய அலுவலகங்களுக்கும் அலைய வேண்டியுள்ளது. அதற்கிடையில் கட்டடம் மூன்றாவது மாடியை எட்டிவிடுகின்றது.

இந்நாட்டில் நகரத் திட்டமிடலுக்கான சட்டங்கள் இல்லாமலில்லை. 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1946 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டமும் குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே கொண்டுவரப்பட்டவை. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவாக்கப்பட்டது. வர்த்தமானி மூலம் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்படும் இடங்களுக்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும் என்பதும், அங்கு அனுமதிப்பத்திரமின்றி எவரும் அபிவிருத்தி வேலைகளில் ஈடுபடலாகாது என்பதும் 1982 ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் சட்டமாக்கப்பட்டன.

இங்கு பொதுமக்கள் விளங்கிக் கொள்ள வேண்டிய வேறுபாடொன்று உண்டு. நடைமுறையிலுள்ள திட்டத்துக்கு அமைவாகக் கட்டடமொன்றை அமைக்க அனுமதி கோருவது ஒன்று. அத்திட்டத்தில் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட இடத்தை வேறு வலயமாக மாற்றக் கோருவது இன்னொன்று. முன்னையதை, கையளிக்கப்பட்ட அதிகாரங்களின் கீழ் உள்ளூராட்சி சபையின் திட்டமிடல் குழு பரிசீலிக்கலாம். பின்னையது திட்டத்தையே திருத்துவதாகும். அது சபை மண்டபத்தோடு முடிந்துவிடுவதல்ல. அமைச்சரின் அங்கீகாரம் வரை செல்ல வேண்டியது. முன்னையதன் பெயரால் பின்னையதை நிறைவேற்றிக் கொள்ள முற்படும்போதே சந்தேகங்களும் பிணக்குகளும் தோன்றுகின்றன.

தனது காணியைத் தனது தேவைக்கேற்பப் பயன்படுத்த விரும்பும் உரிமையாளரின் கோரிக்கையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பிள்ளைகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்க வேண்டிய பெற்றோருக்கும், வாடகை வருமானத்தை நம்பி வாழ்பவருக்கும் மேல்மாடி ஆடம்பரமல்ல. ஆயினும் ஒரு வீட்டுக்குரிய நிலத்தில் பத்துக் குடும்பங்கள் குடியேறும்போது அதன் சுமை அந்த வேலிக்குள் அடங்கிவிடுவதில்லை. வடிகான், குடிநீர், வாகனத் தரிப்பிடம், கழிவகற்றல் ஆகிய அனைத்தும் ஒழுங்கைக்குப் பொதுவானவை. சுண்ணாம்புக்கல் படுக்கையின் நிலத்தடி நீரை நம்பியிருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது மேலும் பாரதூரமானது. காணிகள் துண்டாடப்பட்டுக் கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கிவரும்போது, ஒரு வளவில் எடுக்கப்படும் தீர்மானம் அடுத்த வளவின் குடிநீரில் வந்து சேருகின்றது.

கிழக்குக் கரையோரத்தின் நிலைமை வேறுவகையானது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தொடரும் தமிழ், முஸ்லிம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி அமைந்தவை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டமாகும். அதன் பின்னர் அறிவிக்கப்பட்ட கரையோரப் பாதுகாப்பு வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராகவும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றராகவும் இருந்தது. வலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும், கொழும்பிலிருந்து வரையப்பட்ட ஒரு கோடு, உயிர்தப்பிய மக்களின் வளவுகளை ஒரே நாளில் கட்டத் தகாத நிலமாக்கிவிடக் கூடும் என்பதை அம்மக்கள் அனுபவத்தில் கண்டனர்.

கடற்பக்கம் தடைப்பட்டால் வயற்பக்கமே நகர வேண்டும். அங்கே 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி நெற்காணியை மண்ணிட்டு நிரப்புவதை அது தடை செய்கின்றது. அத்தடையில் நியாயமுண்டு. மாரி வெள்ளத்தைத் தாங்கி நிற்பவை அவ்வயல்களே. அவை நிரப்பப்பட்டால் வெள்ளம் ஊருக்குள் புகும். ஆனால் வீடற்றவனின் தேவையிலும் நியாயமுண்டு. இவ்விரு நியாயங்களையும் திறந்த மன்றில் நிறுத்துப் பார்ப்பதற்கே திட்டமிடல் அமைப்புகள் உள்ளன. அங்கு அவை நிறுக்கப்படாவிட்டால், செல்வாக்குள்ளவரின் வயல் இரவோடிரவாக மேட்டு நிலமாகும். ஏழையின் விண்ணப்பம் மாத்திரம் சட்டத்தின் பெயரால் திரும்பி வரும்.

குடியிருப்பு வலயத்தை அப்படியே காப்பது எப்போதும் நீதியானது என்றும் கொள்ள முடியாது. இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் நல்ல பாடமாகும். வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருக்களில் கறுப்பினத்தவர் குடியேறுவதைத் தடுக்கும் விதியொன்றை லூயிவில் நகரம் இயற்றியது. 1917 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுபடியற்றதாக்கியது. ஓகாயோ மாநிலத்தின் யூக்ளிட் கிராமம் தொடர்பான வழக்கில் 1926 இல் அதே நீதிமன்றம் நில வலய விதிகளைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர், ஒரு காணியில் ஒரு குடும்பத்துக்கான வீடு மாத்திரமே, காணி இத்தனை பரப்புக்குக் குறையக் கூடாது என்பன போன்ற விதிகள் இனத்தின் பெயரைச் சொல்லாமலேயே வறியவரை வெளியே நிறுத்தப் பல ஊர்களில் பயன்பட்டன. 1975 இல் நியூ ஜேர்சி மாநில உச்ச நீதிமன்றம், குறைந்த வருமானமுடையோரை விலக்கிவைக்க வலய விதிகளைப் பயன்படுத்தலாகாது என மவுண்ட் லோரல் வழக்கில் தீர்ப்பளித்தது. 'எமது பகுதியின் தன்மை கெட்டுவிடும்' என்ற ஆட்சேபத்தின் பின்னால் வடிகான் பற்றிய கவலையும் இருக்கலாம்; வேறு இனத்தவர் வருவதில் உள்ள வெறுப்பும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது குழுவின் கடமையாகும்.

அதற்கு முதல் தேவை தகவலாகும். காலிமுகத்திடலின் முகாமைத்துவத்தைத் தனியார் நிறுவனமொன்றிடம் ஒப்படைப்பது பற்றிய விபரங்களை நகர அபிவிருத்தி அதிகார சபை வழங்க மறுத்தமைக்கு எதிராகச் சுற்றாடல் அமைப்பொன்று தாக்கல் செய்த வழக்கில், பேச்சு, கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் தகவலைப் பெறுவதையும் உள்ளடக்க முடியும் என உயர் நீதிமன்றம் 2005 இல் தீர்ப்பளித்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் இன்று எந்தப் பிரசையும் அனுமதிப்பத்திரத்தின் விபரங்களைக் கோரலாம். ஆயினும், அடிப்படை உரிமை மீறலுக்கு எதிரான மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பு கூறும் நிலையில், விண்ணப்பித்துத் தகவல் பெறும்வரை காத்திருப்பவர் பரிகாரத்தையே இழக்க நேரிடலாம்.

எனவே தகவல் மக்களைத் தேடிச் செல்ல வேண்டும். வலய மாற்றம் கோரப்படும் ஒவ்வொரு காணியிலும், தீர்மானத்துக்கு முன்னரே, அப்பகுதி மக்கள் வாசிக்கும் மொழியில் அறிவித்தல் நாட்டப்பட வேண்டும். அயலவர்களின் ஆட்சேபங்களைக் கேட்க நாள் குறிக்கப்பட வேண்டும். கோரிக்கையில் நலன் கொண்ட உறுப்பினர் ஆசனத்திலிருந்து எழுந்து செல்ல வேண்டும். ஏற்பதாயினும் மறுப்பதாயினும் காரணங்கள் எழுத்தில் தரப்பட வேண்டும். இவற்றுக்குப் பெருந்தொகை நிதியோ புதிய அமைச்சோ தேவையில்லை. சபைகள் மனம் வைத்தாலே போதுமானது.

தோற்றவரும் தனது பக்கம் கேட்கப்பட்டது என்று உணரும் தீர்மானத்தோடு ஒரே ஒழுங்கையில் தொடர்ந்து வாழ முடியும். மறைவில் எடுக்கப்பட்ட தீர்மானம் சட்டப்படி சரியாக இருந்தாலும் அயலவரைப் பகைவராக்கிவிடும். பல்லின மக்கள் வேலிக்கு வேலி வாழும் எமது ஊர்கள் அத்தகைய பகையைத் தாங்கக் கூடியவையல்ல என்பதை உள்ளூராட்சி சபைகள் உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.