சிறியவற்றை எழுதிய பெரியவர்

நாகசாகி நகரின் நிஷிசாகா குன்றில் 1597ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள் 26 பேர் சிலுவைகளில் ஏற்றப்பட்டு, ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். நம் நாட்டின் வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியாவும் அவர்களுள் ஒருவர். அந்நிகழ்ச்சியை விரிவாக எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர், அதே நகரில் நோயுற்றிருந்த முதிய குரு ஒருவர். எழுதி முடித்த சில மாதங்களில், ஜூலை 8ஆம் நாள், அவரும் இறைவனடி சேர்ந்தார். அவர் பெயர் லூயிஸ் புரோயிஸ். இயேசு சபையைச் சேர்ந்த போர்த்துக்கீசியர். இடையில் மக்காவில் கழித்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1563 முதல் இறக்கும் வரை ஜப்பானிலேயே உழைத்தவர்.

மறைசாட்சிகளின் வரலாற்றை எழுதியவர் என்பதற்காக மட்டும் அவரை நாம் நினைப்பதில்லை. அந்நிய நாடொன்றில் வேலை செய்யச் சென்ற மனிதன், அந்நாட்டு மக்கள் எப்படி உண்கிறார்கள், எப்படி உடுக்கிறார்கள், பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்பதையெல்லாம் கண் கொண்டு பார்த்து எழுதி வைப்பது ஒரு தொண்டாகுமா? அது வீண் வேலையா? இந்த வினா அவர் வாழ்வில் எழுந்தது. அதற்குக் காலம் அளித்த விடையை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

கோவாவிலிருந்து கடல் கடந்து

புரோயிஸ் 1532இல் லிஸ்பனில் பிறந்தார். பதினாறாம் வயதில் இயேசு சபையில் சேர்ந்து, அதே 1548ஆம் ஆண்டில் கோவா வந்தடைந்தார். முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே உழைத்த நம் புனித சவேரியார் அப்போது அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டிலேயே கோவாவில் திருமுழுக்குப் பெற்றிருந்த அஞ்சிரோ என்னும் ஜப்பானியரையும் இளைஞர் புரோயிஸ் அங்கே கண்டார். சவேரியார் 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் ககோஷிமாவில் கரையிறங்கினார். அந்தத் தடத்தில் தாமும் செல்லப் புரோயிஸ் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் மலாக்காவில் சில காலம் பணியாற்றி, மீண்டும் கோவா திரும்பி, 1561இல் குருப்பட்டம் பெற்றார்.

1563ஆம் ஆண்டு ஜூலையில் கியூஷு தீவின் யோகோசெயூரா துறைமுகத்தில் அவர் இறங்கினார். அவ்வாண்டில்தான் அப்பகுதியின் தலைவர் ஓமுரா சுமிதாதா திருமுழுக்குப் பெற்று, ஜப்பானிய நிலத்தலைவர்களுள் முதல் கிறிஸ்தவரானார். ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில மாதங்களுக்குள் கலகம் மூண்டது. துறைமுகம் எரிந்து சாம்பலாயிற்று. புதிதாக வந்த குருவோ காய்ச்சலால் படுத்துவிட்டார். வந்த இடமும் போயிற்று, உடல்நலமும் போயிற்று.

பின்னர் ஹிராதோவுக்கு அருகிலுள்ள தகுஷிமா என்னும் சிறு தீவில் ஏறக்குறைய ஓராண்டு தங்கினார். சவேரியாருடனேயே ஜப்பானுக்கு வந்திருந்த சகோதரர் ஜோவாம் பெர்னாண்டஸ் அங்கே அவருக்கு மொழியாசிரியரானார். இருவரும் சேர்ந்து ஜப்பானிய மொழிக்கு ஓர் இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் உருவாக்கினர். இந்தத் தீவு வாழ்க்கையை அவருடைய பணியின் உண்மையான தொடக்கம் எனலாம். போதிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார்.

தலைநகரை நோக்கி

1564ஆம் ஆண்டின் இறுதியில், மருத்துவராக இருந்து துறவியான சகோதரர் லூயிஸ் தெ அல்மெய்தாவுடன் தலைநகர் மியாகோவுக்கு, அதாவது இன்றைய கியோட்டோவுக்கு, அவர் புறப்பட்டார். கடுங்குளிரில், படகுக்காகத் துறைதோறும் காத்திருந்து, உள்நாட்டுக் கடல் வழியே சகாய் என்னும் வணிக நகரை அடைந்தனர். அங்கே அல்மெய்தா நோயுற்றார். ஹிபியா என்னும் வணிகக் குடும்பத்தார் அவரைத் தம் வீட்டில் வைத்துப் பேணினர். தேநீர் அளிக்கும் சடங்கையும், அதற்கெனப் பொன்னினும் மேலாகப் போற்றிய மண்கலங்களையும் அல்மெய்தா கண்டு எழுதியது அவ்வீட்டில்தான்.

புரோயிஸ் மட்டும் முன்னே சென்று, 1565இன் தொடக்கத்தில் மியாகோவை அடைந்து, ஷோகுன் அஷிகாகா யோஷிதெருவைக் கண்டார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த ஷோகுன் கொல்லப்பட்டார். குருக்கள் தலைநகரிலிருந்து துரத்தப்பட்டனர். அடுத்த சில ஆண்டுகளைப் புரோயிஸ் சகாயிலேயே கழித்தார். அக்காலத்தில் ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, நகருக்கு வெளியே ஒன்றையொன்று எதிர்த்துப் பாசறையிட்டிருந்த இரு படைகளைச் சேர்ந்த கிறிஸ்தவ வீரர்கள் ஒரே மண்டபத்தில் கூடித் திருப்பலியில் பங்கேற்று, ஒன்றாக உணவருந்தியதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியிராவிட்டால் அந்த இரவை யார் அறிவார்?

1569இல் மியாகோவுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. அப்போது நாட்டைத் தன் வாளால் ஒன்றிணைத்துக்கொண்டிருந்த ஓதா நொபுநாகா, புதிய கோட்டையொன்றைக் கட்டுவித்துக்கொண்டிருந்தார். வேலை நடக்கும் இடத்தில், அகழியின் பாலத்தின் மீதே இருவரும் சந்தித்தனர். நொபுநாகா கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: உமக்கு வயது என்ன? இங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின? உம் பெற்றோர் உம்மை மீண்டும் காண எதிர்பார்க்கின்றனரா? ஊரிலிருந்து ஆண்டுதோறும் கடிதம் வருகிறதா? ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்த அந்த மனிதர், அந்நியன் ஒருவனிடம் முதலில் விசாரித்தது அவன் தாய்தந்தையரைப் பற்றி. பிறகு குரு ஓர் அழகிய சிறு கடிகாரத்தைப் பரிசளிக்க முன்வந்தபோது, தம் கையில் அது சரிவர ஓடாது, வீணாகிவிடும் என்று கூறி வாங்க மறுத்துவிட்டார். கிஃபு நகரில் விருந்தளித்தபோதோ, உணவுத் தட்டைத் தாமே ஏந்தி வந்து குருவின் முன் வைத்தார். உயரமான, மெலிந்த உடல், அடர்த்தியற்ற தாடி, உரத்த குரல் என நொபுநாகாவின் உருவமும் இயல்பும் நம் கண்முன் நிற்பது பெரும்பாலும் புரோயிஸின் எழுத்தால்தான்.

இரு வரிசையில் ஓர் உலகம்

1585ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஷிமபாரா தீபகற்பத்தின் கசுசா என்னும் ஊரில் இருந்துகொண்டு புரோயிஸ் ஒரு சிறு நூலை எழுதினார். 14 அதிகாரங்கள், அறுநூறுக்கு மேற்பட்ட ஒப்புமைகள். ஐரோப்பியர் இவ்வாறு செய்கின்றனர், ஜப்பானியர் அவ்வாறு செய்கின்றனர் என்று சுருக்கமாக எழுதிக்கொண்டே போகிறார். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், துறவியர், உணவு, படைக்கலங்கள், குதிரைகள், மருத்துவம், எழுத்து, வீடு, படகு, நாடகம் என எதையும் அவர் விடவில்லை.

ஐரோப்பியர் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றுவர். ஜப்பானியர் காலணியைக் கழற்றுவர். வாசலில் செருப்பை விட்டு உள்ளே செல்லும் நம் வாசகர்க்கு இதில் வியப்பில்லை. லிஸ்பன் வாசகர்க்கு அது பெரும் வியப்பு. அங்கே துக்கத்தின் நிறம் கறுப்பு, இங்கே வெள்ளை. அங்கே கையால் உண்பர். இங்கே சிறு பிள்ளைகளும் இரு குச்சிகளால் உண்பர். அங்கே குளிர்ந்த நீர் பருகுவர், இங்கே வெந்நீர். பெண்கள் எழுதக் கற்பது அங்கே அரிது. இங்கே உயர்குடிப் பெண்டிர்க்கு எழுதத் தெரியாமை இழுக்கு. அங்கே பிள்ளைகளைப் பிரம்பால் அடித்துத் திருத்துவர். இங்கே அடிப்பது மிக அரிது, சொல்லால் கண்டிப்பதோடு சரி.

இவ்விரு வரிசைகளில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று பெரும்பாலான இடங்களில் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. அதுவே இந்நூலின் சிறப்பு. பிரம்பைப் பற்றிய வரிசையைப் படிக்கும் ஐரோப்பியர் தம் பள்ளிக்கூடத்தை நினைக்காமல் இருக்க முடியுமா? குறைகளையும் அவர் மறைக்கவில்லை. வறுமையால் பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் வழக்கத்தை வேதனையோடு குறிக்கிறார். அவ்வழக்கத்தைக் கண்டு மனம் வருந்தித்தான் அல்மெய்தா, துறவியாகும் முன்பே, 1555இல் ஃபுனாய் நகரில் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைக்கத் துணைநின்றார்.

இத்தகைய கவனம் அன்றைய மறைபணிக்கு இன்றியமையாததாகவும் இருந்தது. ஜப்பானில் வாழும் குருக்கள் அந்நாட்டு முறைப்படியே வணங்கவும் உண்ணவும் தூய்மை பேணவும் வேண்டும், விருந்தினர்க்குத் தேநீர் அளிக்க ஒவ்வோர் இல்லத்திலும் இடம் வேண்டும் என்று, பார்வையாளராக வந்த தந்தை அலெசாந்திரோ வலிஞானோ 1581இல் விதி வகுத்தார். அதற்கு முன் தலைவராயிருந்த தந்தை பிரான்சிஸ்கோ கப்ரால் அதை ஏற்காதவர். ஜப்பானியரே ஐரோப்பிய முறைக்கு மாற வேண்டும் என்ற கருத்துடையவர். இந்த வழக்கில் புரோயிஸின் சிறு நூல் எந்தப் பக்கம் நின்று பேசுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காணாத கண்

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. வீட்டையும் விருந்தையும் இவ்வளவு பொறுமையோடு பார்த்த அதே கண், புத்த கோவிலின் வாசலுக்கு வந்ததும் மூடிக்கொண்டது. நொபுநாகா 1571இல் ஹியெய் மலையின் கோவில்களைச் சுட்டெரித்து, அங்கிருந்தோரைக் கொன்றபோது, அதைக் கடவுளின் தண்டனையாகக் கண்டு எழுதினார். தம் நூலை எழுதிய கசுசாப் பகுதியிலேயே, குகையொன்றில் மக்கள் மறைத்து வைத்திருந்த புத்தர் படிமங்கள் வெளியே இழுத்து வரப்பட்டு அடுப்புக்கு விறகானதை அவரே மனநிறைவோடு பதிவு செய்கிறார். சமையலின் நுணுக்கங்களைக் குறித்து வைத்த கை, அந்த விறகுக்குப் பின்னால் அழுதவர்களைக் குறிக்கவில்லை.

அதன் விலையைத் திருச்சபையும் கொடுத்தது. 1586இல் ஒசாகா கோட்டையில் தொயோதொமி ஹிதெயோஷி குருக்களை அன்போடு வரவேற்று, தாமே கோட்டையைச் சுற்றிக் காட்டினார், மொழிபெயர்த்தவர் புரோயிஸ். மறு ஆண்டே குருக்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் ஆணை பிறந்தது. ஆணையில் கூறப்பட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று, கோவில்களை இடித்தது. அரசியல் காரணங்கள் பல இருந்தன என்பது உண்மையே. ஆனால் அந்தக் குற்றச்சாட்டைப் பொய்யென்று தள்ள முடியாதபடி சாட்சியம் நம்மவர் எழுத்திலேயே இருக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் பிற சமயத்தாரை மதிப்போடு நோக்கும்படி நமக்குக் கற்பித்தது. புரோயிஸ் பாதி வழி நடந்தார். மீதி வழியை நடக்கத் திருச்சபைக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயின.

நீளம் மிகுந்த நூல்

ஜப்பானில் திருச்சபை வளர்ந்த வரலாற்றை எழுதும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நோயோடு போராடி, நாள்தோறும் பல மணி நேரம் எழுதி, பெருநூலாக அதை ஆக்கினார். மறைபணியாளரின் தேவைகளை நன்குணர்ந்த வலிஞானோவே அதைப் படித்துவிட்டு, நீளம் மிகுதி, சுருக்க வேண்டும் என்றார். முதியவருக்கு மனம் வரவில்லை. ரோமிலிருந்த சபைத் தலைவருக்கு எழுதி மன்றாடினார். பயனில்லை. நூல் அனுப்பப்படாமல் மக்காவில் கிடந்தது. 1835இல் அங்குள்ள புனித பவுல் கோவில் தீப்பற்றியபோது மூலப்படியும் அழிந்தது.

ஆனால் அதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில் படிகள் எடுக்கப்பட்டிருந்தன. அவை பல இடங்களில் சிதறிக் கிடந்து, பின்னர் தேடிச் சேர்க்கப்பட்டு, 1976 முதல் 1984 வரை 5 தொகுதிகளாக லிஸ்பனில் வெளிவந்தன. ஜப்பானிய மொழியில் 12 தொகுதிகளாக வந்தது. கசுசாவில் எழுதிய சிறு நூலோ மத்ரித் நகர் நூலகமொன்றில் உறங்கிக் கிடந்து, 1946இல் இயேசு சபை அறிஞர் ஷூட்டே அவர்களால் கண்டெடுக்கப்பட்டு, 1955இல் அச்சேறியது. இன்று அந்த நூற்றாண்டின் ஜப்பானை ஆராய்வோர், புத்த சமயத்தினர் உட்பட, புரோயிஸைப் புரட்டாமல் எழுதுவதில்லை. சுருக்கச் சொன்ன பகுதிகளே, வேறெங்கும் கிடைக்காத செய்திகளாக இன்று தேடிப் படிக்கப்படுகின்றன.

பணித்தளத்தில் நாமும் அறிக்கை எழுதுகிறோம்: திருமுழுக்குகள் இத்தனை, திருமணங்கள் இத்தனை என்று. அவை வேண்டியவையே. ஆனால் அம்மக்கள் என்ன உண்டார்கள், பிள்ளைகளை எப்படிக் கண்டித்தார்கள், துக்க வீட்டில் எந்த நிறம் உடுத்தார்கள் என்பதை யார் எழுதுகிறார்கள்? ஒரு மக்களின் சிறியவற்றைப் பொறுமையோடு பார்ப்பதும் அவர்களை நேசிக்கும் வழிகளுள் ஒன்று. அந்தப் பார்வை அவர்கள் வழிபடும் இடத்தின் வாசலில் நின்றுவிடாமல் இருந்தால், அந்த நேசம் முழுமை பெறும். நாகசாகியில் கண்மூடிய அந்த முதியவரின் சாதனையும் குறையும் சேர்ந்தே இந்தப் பாடத்தை நமக்குச் சொல்கின்றன.