தொலைபேசியும் தொழிலாளியின் மனசும்

ஒரு வளைகோட்டிலிருந்து தொடங்கலாம். முதலில் மறுப்பு. அப்புறம் கோபம். அப்புறம் சோர்வு. பள்ளத்தின் அடிவரை இறங்கி, பிறகு மெல்ல மேலேறி, 'ஏற்றுக்கொள்ளல்' என்ற இடத்தில் போய் முடிகிற கோடு. சாவை எதிர்நோக்கிப் படுத்திருக்கும் நோயாளிகளோடு பேசிப்பேசி எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் எழுதிய நூலிலிருந்து பிறந்தது இது. சாகிறவர்களின் மனசை மருத்துவர்கள் கொஞ்சமாவது காது கொடுத்துக் கேட்கட்டும் என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

2006க்குப் பிறகு பிரான்சில் இந்தக் கோட்டை வேறு ஆட்கள் கையில் எடுத்தார்கள். பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் தன் மேலாளர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்புகளில் இது பாடமாக வந்தது. 'வேலை இனி இல்லை' என்று சொல்லப்படுகிற ஆள் முதலில் நம்ப மாட்டான், பிறகு கத்துவான், பிறகு நொறுங்குவான், கடைசியில் ஒத்துக்கொள்வான். நீங்கள் பதற வேண்டாம், எல்லாம் கட்டம் கட்டமாக நடக்கும். பாடத்தின் சாரம் இவ்வளவுதான்.

நோயாளியின் பக்கம் உட்கார்ந்து கேட்ட அறிவு, நோயை உண்டாக்குகிறவனின் கைக்கருவியாக மாறியது எப்படி? 'பணியிட மனநலம்', 'ஊழியர் நல்வாழ்வு' என்று இன்று எல்லா நிறுவனங்களும் பேசுகிற சொல்லாடலுக்கு ஒரு வரலாறு உண்டு. வசதிக்காக டெலிபோன் கம்பியைப் பிடித்துக்கொண்டே போவோம். டெலிபோன் கருவி செய்த பெண்கள், இணைப்புக் கொடுத்த பெண்கள், டெலிபோன் இலாகா கம்பெனியாக மாறியபோது 'உபரி' ஆகிப்போன ஊழியர்கள். கம்பி ஒன்றுதான்.

1

சிகாகோவுக்குப் பக்கத்தில் சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்கா முழுவதற்கும் டெலிபோன் கருவிகள் அங்கிருந்துதான் போயின. 1927 ஏப்ரலில் ரிலே என்ற சின்ன உறுப்பைப் பூட்டுகிற ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள். இடைவேளை கொடுத்துப் பார்த்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். உற்பத்தி பெரும்பாலும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே தொழிலாளியை உற்சாகப்படுத்துகிறது என்று இதிலிருந்து ஒரு கதையாடல் உருவாகி, இன்றுவரை மேலாண்மைப் பாடநூல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கதையில் விட்டுப்போகிற சங்கதி ஒன்று. ஐந்து பேரில் இரண்டு பேரை 1928 ஜனவரியில் அறையிலிருந்து வெளியேற்றினார்கள். பேச்சு அதிகம், ஒத்துழைப்பு இல்லை என்பது குற்றச்சாட்டு. அந்த இடத்துக்கு வேறு இரண்டு பேர் வந்தார்கள். கூலியையும் இந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியோடு பொருத்திக் கணக்கிட்டார்கள். ஆக உற்பத்தி ஏறியதற்கு அன்பு காரணமா, ஆள் மாற்றம் காரணமா, காசு காரணமா என்று கேட்கிற ஆய்வாளர்கள் பின்னால் வரத்தான் செய்தார்கள். பாடநூல் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

நமக்கு முக்கியம் அடுத்து நடந்தது. 1928 முதல் 1930 வரை அதே தொழிற்சாலையில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். இந்த ஆய்வுகளுக்கு அர்த்தம் சொல்ல வந்த எல்டன் மேயோ, முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய சிப்பாய்களோடு ஆஸ்திரேலியாவில் வேலை செய்தவர். பேட்டியின் விதிகள் எளிமையானவை. குறுக்கிடாதே. வாதாடாதே. புத்தி சொல்லாதே. கேள். பாவமன்னிப்புக் கூண்டிலிருந்து மருத்துவரின் சாய்வு நாற்காலிவரை மனிதரைப் பேசவைப்பதே அதிகாரத்தின் ஒரு வழியாக ஆகிவந்ததை ஃபூக்கோ 1976இல் எழுதினார். அந்தப் பட்டியலில் ஹாதார்ன் பேட்டி அறையையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டதை என்ன செய்தார்கள்? புகார்களை 'வெளிப்படை அர்த்தம்', 'மறை அர்த்தம்' என்று பிரித்தார்கள். கனவுகளுக்கு ஃப்ராய்ட் செய்த அதே பாகுபாடு. இந்த ஆய்வுகளைத் தொகுத்து 1939இல் வெளியான பெருநூலில் ஓர் உதாரணம் வருகிறது. பீஸ்ரேட் குறைவு என்கிறான் ஒரு தொழிலாளி. பேசவிட்டுப் பார்த்தால் அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வைத்தியச் செலவுக் கவலை. ஆக, புகாரின் மறை அர்த்தம் பீஸ்ரேட் அல்ல, வீட்டு நிலைமை என்று ஆகிவிடுகிறது. அட, வைத்தியத்துக்குக் கூலி பத்தலைன்னுதானே அந்த ஆளு சொல்றான்! வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒரே விஷயம்தான். ஆனால் 'உள்ளே' என்று ஒன்றைக் கண்டுபிடித்த மாத்திரத்தில் கூலிக் கோரிக்கை நோய்க்குறியாகிவிடுகிறது. கோரிக்கை என்றால் பதில் சொல்லியாக வேண்டும். நோய்க்குறிக்கு ஆறுதல் சொன்னால் போதும்.

பெருமந்தம் வந்ததும், பேட்டி எடுத்த அதே தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த வருத்தத்தின் மறை அர்த்தத்தை யாரும் தேடவில்லை. 1935இல் சங்கம் சேரும் உரிமைக்கு வாக்னர் சட்டம் வந்தது. 1936இல் ஹாதார்னில் நிரந்தர ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டார்கள். இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகள் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

2

இதே டெலிபோனை வைத்து நேரெதிர்த் திசையில் யோசித்தவரும் உண்டு. லூயி லெ கியான் என்ற இடதுசாரி மனநல மருத்துவர் தன் சகாக்களோடு சேர்ந்து 1956இல் பிரெஞ்சு டெலிபோன் இணைப்பகப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். தலைப்பே 'டெலிபோன் பெண்களின் நரம்புநோய்' என்பதுதான். தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை, சத்தம் தாங்க முடியாமை. வீட்டுக்குப் போன பிறகும் இணைப்பகத்தில் சொல்லும் வாசகங்கள் வாயில் தானாக வந்துவிழும். நொடிக்கணக்கில் வேகம், எந்த நிமிஷமும் மேற்பார்வையாளர் கம்பியில் நுழைந்து ஒட்டுக்கேட்கலாம் என்ற நிலை. பொம்பளைங்கன்னா அப்படித்தான், நரம்பு பலவீனம் என்ற விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. வேலை ஒழுங்கமைக்கப்பட்டிருக்கும் விதத்திலேயே நோயின் வேரைத் தேடினார்.

அல்ஜீரியாவை விட்டு வெளியேறி டூனிஸில் இருந்த ஃபனோன் 1959-60இல் அங்கே நிகழ்த்திய விரிவுரைகளில் இந்த டெலிபோன் பெண்களைப் பற்றிப் பேசினார். வருகை நேரம் பதிக்கும் கடிகாரத்தைப் பற்றியும் பேசினார். காலனிய உடம்பைக் கண்காணித்த கண்ணும் தொழிற்கூடத்தைக் கண்காணிக்கிற கண்ணும் உறவுக்காரர்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு ஏன் லெ கியானின் வழி தழைக்காமல் மேயோவின் வழி தழைத்தது? மூலதனத்தின் சூழ்ச்சி என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். கிறிஸ்தோஃப் தெஜூர் என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1998இல் எழுதிய நூலில் தப்பிக்க விடவில்லை. 1968க்குப் பிறகு உடம்புக் காயம், விஷப்புகை, ஒலி ஆகியவற்றுக்காகப் போராடிய தொழிற்சங்கங்களும் இடதுசாரி அமைப்புகளும் மனத்துன்பம் என்றதும் விலகிக்கொண்டன. அது தனிநபர் சமாச்சாரம், வர்க்கப் போராட்டத்தைத் திசைதிருப்பும் என்று பயந்தன. அந்தக் காலி இடத்தில்தான் எண்பதுகளில் மனிதவள மேலாண்மை வந்து உட்கார்ந்தது என்கிறார். இது பிரான்சுக்கு மட்டும் பொருந்துகிற விமர்சனம் இல்லை என்று நமக்குத் தெரியும்.

3

லெ கியான் ஆராய்ந்த அதே இலாகாவின் வாரிசுதான் பிரான்ஸ் டெலிகாம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் தபாலிலிருந்து பிரிந்து, 1997இல் பங்குச் சந்தைக்கு வந்து, 2002இல் ஏறக்குறைய 7000 கோடி யூரோ கடனில் மூழ்கி, 2004இல் அரசின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிய நிறுவனம். அடுத்து வந்த மறுசீரமைப்புத் திட்டப்படி 2006 முதல் 2008 வரை 22 ஆயிரம் பேர் வெளியேற வேண்டும், 10 ஆயிரம் பேர் இடமோ வேலையோ மாற வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஊழியர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் தகுதி உள்ளவர்கள். வேலையை விட்டுத் தூக்க முடியாது. அவர்களாகப் போக வேண்டும்.

ஒருத்தர் தானாகப் போகும்படி எப்படிச் செய்வது? முப்பது வருஷம் கம்பம் ஏறிப் பழுது பார்த்தவரை விற்பனை இருக்கையில் உட்காரவைக்கலாம். ஊர் மாற்றலாம், மறுபடி மாற்றலாம். வேலையே தராமல் உட்காரவைக்கலாம். கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ எப்படியும் ஆட்கள் வெளியேறியாக வேண்டும் என்று 2006 அக்டோபரில் மேலதிகாரிகள் கூட்டத்தில் நிறுவனத் தலைவர் திதியே லொம்பார் பேசியது பின்னால் நீதிமன்ற ஆவணமாயிற்று.

2007இல் இரண்டு தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஒரு கண்காணிப்பகம் தொடங்கின. மன அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றத்தையும் பதிவு செய்வது அதன் வேலை. ஒவ்வொரு சாவும் 'குடும்பப் பிரச்சினை' என்று தனித்தனியாகப் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவற்றை ஒரே தாளில் எழுதி எண்ணியதுதான் அவர்கள் செய்த அரசியல். 2009இல் பத்திரிகைகளும் எண்ணத் தொடங்கியதும் நிறுவனம் ஆலோசனைத் தொலைபேசி எண்ணையும் உளவியலாளர்களையும் கொண்டுவந்தது. தற்கொலை ஒரு 'பாணி' ஆகிவிட்டது என்று தலைவர் வாய் தவறினார். மறுநாள் வருத்தம் தெரிவித்தார். அந்த ஆண்டின் கடைசியில் நடந்த கேள்வித்தாள் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 80 ஆயிரம் ஊழியர்கள் பதில் எழுதினார்கள். யாருக்கும் பேசப் பிடிக்காமல் இல்லை. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

2019இல் வழக்கு விசாரணைக்கு வந்தது. 39 பேருடைய கதை ஆராயப்பட்டது: 19 தற்கொலைகள், 12 முயற்சிகள், 8 பேரின் மனச்சோர்வு. 2019 டிசம்பர் 20இல் தீர்ப்பு. நிறுவனத்துக்கு 75 ஆயிரம் யூரோ அபராதம், சட்டம் அனுமதித்த உச்சவரம்பு அவ்வளவுதான். தலைவருக்கும் இரண்டு உயரதிகாரிகளுக்கும் ஓராண்டுச் சிறை, அதில் எட்டு மாதம் நிறுத்திவைப்பு. 2022இல் மேல்முறையீட்டில் தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் முழுத் தண்டனையுமே நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது.

தண்டனை அற்பம். ஆனாலும் அந்தத் தீர்ப்பில் 'நிறுவனமயமான மனத் துன்புறுத்தல்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு கெட்ட மேலாளர் ஓர் ஊழியரைத் துன்புறுத்தினார் என்பது பழைய சட்டப் புரிதல். துன்புறுத்துகிறவர் பலியானவரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை, கொள்கையே துன்புறுத்தலாக இருக்க முடியும் என்பது இந்தத் தீர்ப்பு. லெ கியான் 1956இல் மருத்துவமொழியில் சொன்னதை நீதிமன்றம் அறுபத்து மூன்று வருஷம் கழித்துச் சட்டமொழியில் சொன்னது.

4

நம்மூர் டெலிபோனுக்கு வருவோம். இங்கேயும் இலாகாவாக இருந்தது 2000 அக்டோபரில் பிஎஸ்என்எல் என்ற கம்பெனி ஆயிற்று. 2019இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் கீழ் ஏறக்குறைய 78 ஆயிரம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலம் அது. பிரான்சில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்று என்று சொல்லவில்லை. அந்த 78 ஆயிரம் 'விருப்ப'த்தின் பின்னால் என்ன இருந்தது என்று உட்கார்ந்து எழுதிவைக்க ஒரு கண்காணிப்பகம் நம்மிடம் இருந்ததா என்றுதான் கேட்கிறேன்.

லெ கியானின் டெலிபோன் பெண்கள் இன்று பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிறார்கள். மேற்பார்வையாளர் எப்போதாவது கம்பியில் நுழைவார் என்பது போய், ஒவ்வோர் அழைப்பும் 'தரக் கண்காணிப்புக்காக' முழுசாகப் பதிவாகிறது. அதே கட்டிடத்தில் யோகா வகுப்பும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் பணியிட மனநலம் பற்றி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வேலைப்பளுவும் வேலை நிலைமையும் மாற வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் எல்லோரும் மேற்கோள் காட்டுவது என்னவோ, மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுக்கு 1200 கோடி வேலைநாட்களும் ஒரு லட்சம் கோடி டாலர் உற்பத்தியும் இழப்பு என்ற கணக்கைத்தான். அழுகிறவரின் இழப்பு எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. நம்முடைய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காதே என்றது. நல்ல சட்டம்தான். வேலையின் அமைப்பைக் கூண்டில் ஏற்றும் பிரிவு அதில் இல்லை.

ஆலோசகரே வேண்டாம், மாத்திரையே வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. தூக்கமில்லாமல் தவிக்கிறவருக்குப் புரட்சிவரை காத்திரு என்பது வன்முறை. நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒரு முழுநேர ஊழியர் "மனசு சரியில்ல தோழர், கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கேன்" என்றால் என்ன பதில் வருகிறது? "இதெல்லாம் நடுத்தர வர்க்கத்து வியாதி." இயக்கமும் ஒரு வேலைத்தலம்தான். தெஜூரின் குற்றச்சாட்டில் நாமும் எதிர்த்தரப்பு.

செய்யக்கூடியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் பெண்கூட்டு என்ற பெயரில் சேர்ந்து முதலில் கேட்டது கழிப்பறை. அப்புறம் உட்காரும் உரிமை. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் திருத்தியது. நாளெல்லாம் நிற்கிற பெண்ணின் மன அழுத்தத்துக்கு முதல் மருந்து ஒரு ஸ்டூல் என்பதை எந்த ஆலோசகரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்களே கண்டுபிடித்து, அவர்களே வாங்கினார்கள். வாங்கிய ஸ்டூலில் உட்கார விடுகிறார்களா என்று ரங்கநாதன் தெருவில் போய்ப் பார்த்து எழுதுவதையும், நம் பக்கத்தில் யார் யார் தூங்காமல் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வதையும் ஒரே வேலையாகச் செய்யலாம். பிரான்சில் சங்கங்கள் 2007இல் தொடங்கியது அதைத்தான். அவர்களும் தாமதமாகத்தான் தொடங்கினார்கள்.