தாச்சி ஏறாத உயரம்



நம் ஊரில் வீட்டுக்குப் பிளேட் போடும் நாள் எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கொங்கிறீட் தாச்சி கைமாறி மேலே போகும், வெறுந்தாச்சி கீழே வரும். இறுகுவதற்குள் போட்டு முடிக்கவேண்டும் என்று மேசன் சத்தம் போடுவார்.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், டுபாயில அந்தப் பெரிய கட்டிடத்துக்கும் இப்பிடித்தான் தாச்சியில ஏத்தினவங்களோ?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் நல்ல கேள்வி.

கொங்கிறீட்டைக் குழாயில் தள்ளும் வேலை ஜேர்மனியில் 1927 அளவில் தொடங்கியது. அன்று ஏறியது சுமார் 38 மீற்றர். 1994இல் இத்தாலியில் ஒரு நீர்மின் நிலைய வேலையில் 532 மீற்றர் வரை ஏற்றினார்கள். 2008இல் புர்ஜ் கலீஃபாவில் 606 மீற்றர். நம் கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் முழு உயரமே 350 மீற்றர்தான்.

பம்பில் இரண்டு பிஸ்டன்கள். ஒன்று கலவையை உள்ளே இழுக்கும்போது மற்றது குழாய்க்குள் தள்ளும். முதலில் சீமெந்துக் கரைசலை விட்டுக் குழாயின் உட்பக்கத்தை வழுவழுப்பாக்குவார்கள். பிறகுதான் கொங்கிறீட். குழாயில் நிற்கும் கலவையின் பாரத்தையும் தள்ளவேண்டும் என்பதால் அழுத்தம் 200 பார் அளவுக்குப் போனது. கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு!

கீழே ஊற்றியது உச்சிக்கு வர ஏறத்தாழ 40 நிமிடம் எடுத்தது. டுபாய் வெயிலில் அதற்குள் இறுகத் தொடங்கினால் குழாயே அடைத்துவிடும். அதனால் கோடையில் தண்ணீரோடு ஐஸ் கலந்து, இரவில் ஊற்றினார்கள். உயரம் கூடக்கூடச் சல்லியின் அளவைக் குறைத்தார்கள். ஆக, நம் மேசனின் அவசரம்தான் அங்கேயும்.

சாதனைப் பட்டியலில் பம்பின் பெயர் இருக்கிறது. மேலே நின்று குழாயைப் பிடித்தவர்களின் பெயர் இல்லை. அவர்களில் மிகப் பலர் நம் தெற்காசிய நாடுகளிலிருந்து போனவர்கள். 2006 மார்ச்சில் அந்தக் கட்டிடத்தில் சுமார் 2,500 தொழிலாளர்கள் சம்பளத்துக்காகவும் நல்ல நிலைமைக்காகவும் கொதித்தெழுந்தார்கள். சாதாரண கூலியாளுக்கு ஒரு நாளுக்குச் சுமார் 4 டொலர் என்று அப்போது செய்திகள் வந்தன. 828 மீற்றர் கட்டிடம் 2010 ஜனவரி 4இல் வாணவேடிக்கையோடு திறக்கப்பட்டது.

கூலியாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்பது நபிகளாரின் போதனை. எந்த மதத்தவரும் மறுக்கமாட்டாத பேச்சு அது.

நம் பகுதியிலிருந்து வளைகுடா போய்க் கட்டிட வேலை செய்து திரும்பியவர்கள் இருக்கிறீர்கள். ஒரு நாள் வகுப்புக்கு வாருங்கள். பம்பின் கதையை நாங்கள் சொல்லிவிட்டோம். மற்றக் கதையைப் பிள்ளைகள் உங்கள் வாயால் கேட்கட்டும்.