இழையில் ஓடும் ஒளி

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் மாநில எல்லையைக் கடந்ததும் வரும் ஊர் அத்திபெலே. பிழைப்பை நாடி இவ்வழியே வந்து கன்னட நாட்டில் தங்கிவிட்ட தமிழர் பலர். அவர்களுள் எத்தனையோ பேரின் பெற்றோர் சொந்த ஊரிலேயே தனித்து வாழ்கின்றனர். இரவில் தந்தை தடுமாறி விழுந்தால் யார் அறிவார் என்னும் கவலைக்கு, அவர் உடுக்கும் ஆடையே விடை கூற இயலுமா? இக்கேள்வியின் வரலாற்றில் சென்னையில் நெசவு பயின்ற ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் ஆடை இல்லை, சுமைதான் இருந்தது. அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தவரான நார்மன் ஹோல்ட்டர், இதயத் துடிப்பை வானொலி அலை வழியே அனுப்பும் யந்திரம் ஒன்றை 1940-களின் பிற்பகுதியில் அமைத்தார். முதுகில் சுமக்க வேண்டிய அதன் எடை சுமார் 38 கிலோ. அதைச் சுமந்து நடக்க வல்லவனுக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ? 1961-இல் அவர் விவரித்த கருவி, உடன் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுந்தரேசன் ஜெயராமன், அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானவர். 1996-இல் அமெரிக்கக் கடற்படையின் பொருளுதவியுடன் அவர் குழு மேற்கொண்ட பணி, போர்வீரனுக்கு ஒரு சட்டை நெய்வது. ஒளியைக் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் இழை சட்டை முழுவதும் சுற்றிச் செல்லும். குண்டு துளைத்து இழை அறுந்தால், ஒளி மறுமுனையை எட்டாது. துடிப்பையும் மூச்சையும் அளக்கும் கருவிகளையும் அதில் பொருத்தலாம். ஆனால் துணியை வெட்டித் தைத்தால் இழையும் வெட்டுண்டு போகுமே! ஆகவே கைப்புகும் துளைகளோடு முழுச் சட்டையையும் தறியிலேயே நெய்யும் முறையைக் கண்டனர். விஞ்ஞானச் சாதனை என்று இதனைப் போற்றுவோர், இது முதற்கண் நெசவாளரின் வெற்றி என்பதை மறந்துவிடுகின்றனர்.

தனித்து வாழும் முதியோர்க்கும் இச்சட்டை உதவும் என அக்குழுவினரே எடுத்துரைத்தனர். முதற்சட்டை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. வீடுகளிலோ அது பரவவில்லை. விழுதலை உணரும் பணியைப் பின்னர்க் கைக்கடிகாரமே ஏற்றுக்கொண்டது. 2018-இல் வெளிவந்த ஆப்பிள் கடிகாரம் அவ்வகையில் பெயர் பெற்றது.

காரணம் தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. துடிப்பை அளக்கும் கருவி தோலோடு ஒட்டியிருத்தல் வேண்டும். நம் தாத்தாவோ வேட்டியும் மேல்துண்டுமாகக் காற்றோட்டமாய் இருப்பவர். அன்றியும், முதியோர் வழுக்கி விழ ஏதுவான இடங்களுள் ஒன்று குளியலறை; அந்நேரத்தில் அறிவுள்ள சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.