இரணைதீவுக் கடலும் ஆவுளியாவும்

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையில், முழங்காவிலுக்கு எதிரே கடலுக்குள் இரட்டைத் தீவுகளாய்க் கிடக்கும் இரணைதீவின் சரித்திரத்தை எழுதப் புகும் எவரும், அத்தீவைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலில் மேய்ந்து திரியும் ஒரு சாதுவான ஜீவனைப் பற்றியும் எழுதியே ஆகவேண்டும். வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன் வரும் பங்குனி, சித்திரை மாதங்களில், கடல் அசைவின்றித் தெளிந்திருக்கும் வேளையில், சில நிமிஷங்களுக்கொருமுறை மூச்செடுப்பதற்காக மூக்கு நுனியை மாத்திரம் நீருக்கு மேலே நீட்டி, மறுகணமே அமிழ்ந்துவிடும் ஆவுளியாவே அது. கடற்பசு என்றும் சொல்வர்.

பறங்கியர் மன்னாரைக் கைப்பற்றிய 1560ஆம் ஆண்டிலேயே, அக்கரையில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடற்கன்னியர் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகவும், அங்கே ராஜப்பிரதிநிதியின் வைத்தியர் அவற்றை அறுத்துச் சோதித்ததாகவும் இயேசு சபையின் வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்தார். இச்செய்தியை 1861இல் வெளியான தமது இலங்கைப் பிராணி நூலில் எடுத்துக்காட்டிய எமர்சன் தெனன்ற், கன்றை மார்போடு அணைத்துப் பாலூட்டும் ஆவுளியாவைக் கண்ட மாலுமிகளின் கற்பனையிலேயே அக்கன்னியர் பிறந்தனர் என்று கருதினார். கற்பிட்டியிலிருந்து இராமர் அணை வரையுள்ள கடலில் இப்பிராணி வாழ்ந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

மூன்று மீற்றர் நீளமும் நானூறு கிலோ எடையும் கொள்ளக்கூடிய இவ்வுயிர், கடற்புல்லையன்றி வேறெதையும் பெரும்பாலும் உண்பதில்லை. மேய்ந்த வழியெல்லாம் வயலில் ஏர் சென்ற சால்போல அடிமண்ணில் நீண்ட தடம் விழும். எழுபது ஆண்டு வரை வாழ வல்லதாயினும், பதின்மூன்று மாதங்களுக்கு மேல் கர்ப்பம் தரித்து ஒரேயொரு கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குச் சில வருஷங்கள் காத்திருப்பது இதன் இயல்பு. ஆகவே, இறைச்சிக்காக ஒன்றைக் கொல்வதனால் நேரும் நஷ்டம் ஒரு தலைமுறையிலும் ஈடாவதில்லை. இதன் குடும்பத்தைச் சேர்ந்த, வட பசிபிக்கில் வாழ்ந்த வடகடற் பசுவை 1741இல் மனிதர் முதன்முதலாக விவரித்தனர். 1768க்குள் அது பூண்டோடு அழிந்தது. இலங்கையில் 1970 முதல் ஆவுளியாவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வலையில் தற்செயலாய்ச் சிக்கி மூச்சடைத்து இறப்பதைச் சட்டம் எவ்வாறு தடுக்கும்?

1992இல் இரணைதீவு மக்கள் யுத்தத்தால் தங்கள் வீடுகளையும் மாதா கோவிலையும் விட்டுப் பெருநிலத்துக்கு வந்து, முழங்காவிலை அடுத்த இரணைமாதாநகரில் குடியேறினர். அவர்கள் கால் நூற்றாண்டு காலம் தீவைப் பிரிந்திருந்தபோது, தமிழ்நாட்டு எதிர்க்கரையிலிருந்து வந்த இழுவைப் படகுகள் வடகடலின் அடித்தளத்தை உழுது சென்றன. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு மே மாதத்தில், தீவுக்குத் திரும்ப அனுமதி கோரிப் போராட்டத்தைத் தொடங்கிய தீவு மக்கள், 2018 ஏப்ரிலில் தாமே படகேறிச் சென்று தம் மண்ணில் இறங்கினர். 2022இல் தமிழ்நாட்டு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை அடுத்து 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகப் பிரகடனம் செய்தது. நமது கரைக்கும் அத்தகைய ஏற்பாடு அவசியம் என்பதே என் திடமான அபிப்பிராயம். அதனை வகுக்குமுன் அதிகாரிகள் முதலில் கேட்கவேண்டியது, இடம்பெயருமுன் அக்கடலில் தொழில் செய்த முதியவர்களையே. எந்தத் திட்டில் புல் அடர்ந்திருந்தது, எந்த நீரோட்டத்தில் ஆவுளியா வந்தது என்பவற்றை அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். 1992இல் நடுவயதினராய் இருந்தவர்கள் இப்போது எண்பதை நெருங்குகிறார்கள்.